கீழ்பென்னாத்தூர் வரை

எழுபதுகளில் ஒரு கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையை விட்டுக் கிளம்பிய பஸ்ஸில் பயணிகள் இரண்டே பேர். அன்றைக்கே வெளியூர் போகச் சொல்லி எனக்கு அலுவலக உத்தரவு. பக்கத்து இருக்கைக்காரர் அத்தர் நனைத்த கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

“ஊரே உள்ள வருது, நீங்க வெளிய போறீங்களே?” என்றேன்.

“வீடு எரிஞ்சு சம்சாரம் போனதுலேர்ந்து அகல் வாசனைகூட அன்னிக்கு எரிஞ்ச வாசனையாத்தாங்க வருது. மூக்கு நல்லாத்தான் இருக்காம், மூளைதான் அந்த நாளை விடலைன்னு டாக்டர் சொல்றாரு. அதனால தூரத்துல நின்னு தீபம் பாக்கறேன். போன வருஷம் செஞ்சி, இந்த வருஷம் கீழ்பென்னாத்தூர்.”

“அடுத்த வருஷம்?”

“இன்னும் கொஞ்சம் கிட்டங்க. என்னிக்காவது எங்க வாசல்ல நானே விளக்கேத்தணும்.”

கீழ்பென்னாத்தூரில் இறங்கி, மலையைப் பார்த்து நின்றார்.

வருஷங்கள் ஓடி, விதிப்படி எனக்கும் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். தீபத்தன்று மட்டும், அவர் எந்த ஊர் வரை வந்திருப்பாரோ என்று நினைத்துக்கொள்கிறேன்.