ரெண்டாம் மாடியில மராமத்து

ஆவணக் காப்பகக் கட்டடத்தைச் சுத்திக் காட்டுறதுதான் அக்காவுக்குப் பத்தொன்பது வருஷமா வேலை. பத்தரைன்னா பத்தரைக்குக் கிளம்பிடுவாங்க, ஒரு நிமிஷம் லேட்டா வந்தாலும் அடுத்த சுத்துக்குத்தான். அதனால எல்லாருக்கும் அவங்க பத்தரை அக்கா.

அன்னைக்கு வாசல்லயே டைரக்டர் மறிச்சாரு.

"கீழ ஹாலோட முடிச்சுக்கங்க. ரெண்டாம் மாடில மராமத்து."

"மராமத்தா? ஒரு சித்தாளைக்கூட காணோமே சார்!"

"நாலு மணிக்கு நூற்றாண்டு விழா. கட்டடத்தோட அழகை மட்டும் காட்டுங்க, போதும்."

அக்காவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மூணு நாளா மழை. அந்த மாடிக் கூரை ஒழுகுதுன்னு அவங்க எழுதிக் குடுக்காத மாசமே இல்ல. மேல இருக்கறது, அணை கட்டறப்ப ஊரை விட்டுக் கிளப்பின சனங்களோட பேரேடுங்க. வேற எங்கயும் பிரதி கிடையாது!

சுத்திப் பாக்க வந்த கூட்டத்துல ஒரு அம்மா முன்னால வந்தாங்க. "மேல இருக்கற அணைப் பேரேட்டுல எங்கப்பா பேரு இருக்கணும்மா. மாத்து மனை கேட்டா, ஆபீஸ்ல நீங்க அந்த ஊரே இல்லைங்கறாங்க."

அக்கா நேரா வாட்ச்மேன்கிட்ட போனாங்க. "சாவியைக் குடுண்ணே."

"என் வேலைக்கு உலை வெச்சிடாத தாயி."

"நான் பிடுங்கிட்டேன்னு சொல்லு."

"சரி, பிடுங்கு"ன்னு அவரே கையை நீட்டினாரு.

கதவைத் திறந்தா குப்புன்னு பூஞ்சை நாத்தம். நனைஞ்ச பேரேட்டையெல்லாம் ஒண்ணொண்ணா பாலித்தீன்ல இறுக்கிக் கட்டி அடுக்கி வெச்சிருக்காங்க. ஈரத்தோட!

"அட அறிவுகெட்டவங்களா! ஈரச் சோத்தை மூடி வெச்சாலே ஊசிப்போகும். இது நாலாயிரம் குடும்பம்!"

வந்திருந்த இருபது பேரும் சொல்லாமலே வரிசையா நின்னு கைமாத்தி ஹாலுக்கு இறக்கினாங்க. தோரணத்தைத் தள்ளிட்டு, பேரேடுகளை நிக்க வெச்சு, ஃபேனைப் போட்டாங்க. அந்த அம்மா அவங்க ஊர் பேரேட்டைக் கண்டுபிடிச்சிட்டாங்க. பக்கமெல்லாம் ஒட்டிக்கிடந்துச்சு. பிரிக்கப் போனவங்க கையை அக்கா பிடிச்சாங்க. "கிழிஞ்சா போச்சும்மா. காயட்டும்."

டைரக்டர் ஓடி வந்தாரு. "விருந்தாளிங்க வர்ற நேரம்! காலி பண்ணுங்க!"

"டிக்கெட் வாங்கி வந்தவங்க யாரு சார், வேண்டாதவங்களா?"

"உங்க வேலை போயிடும்!"

"போகட்டும். எதுக்குப் போச்சுன்னு எழுத்துல குடுங்க. இங்க எழுதி வெச்சாதானே எதுவும் நடந்ததா கணக்கு!"

ஒருத்தரும் நகரல. விருந்தாளிங்க பேரேட்டுக்கு நடுவுல ஒருக்களிச்சுதான் நடந்தாங்க. மறுநாளே அக்காவுக்கு சஸ்பெண்ட் ஆர்டர்.

நாலாம் நாள் பக்கம் பிரிஞ்சுது. வீட்டு நம்பர் மை கரைஞ்சே போச்சு, ஆனா ஊரும் அப்பா பேரும் பளிச்சுன்னு நின்னுச்சு. அந்த அம்மா வாய்விட்டு அழுதுட்டாங்க.

டிக்கெட் எடுத்து உள்ள வந்திருந்த அக்கா அழல. அந்தப் பக்கத்துக்கு முத்திரை போட்ட நகல் வேணும்னு கவுன்ட்டர்ல முழங்கையை ஊனி நின்னுட்டாங்க. "முத்திரை போடுற ஆளு சாப்பிடப் போயிருக்காரு"ன்னான் கிளார்க்கு.

"சாப்பிட்டு நிதானமா வரட்டும். எனக்குத்தான் இப்ப வேற வேலையே இல்லையே!"