ரோஸ் சர்பத்துக்கு வராத பறவை

என் அக்கா கனடாவின் மேற்குக் கடலோரத்தில், மகன் வீட்டில் இருக்கிறாள். எனக்கு யங்கூனில் காலை ஏழரை என்றால் அவளுக்கு முந்தின நாள் மாலை. அப்போதுதான் வீடியோவில் கூப்பிடுவாள். நலம் விசாரிப்பதெல்லாம் அரை நிமிடம். பிறகு போனைத் திருப்பி, ஜன்னலுக்கு வெளியே தொங்கும் சிவப்புக் குப்பியைக் காட்டுவாள். கட்டைவிரல் அளவில் ஒரு பறவை வந்து, எதன்மேலும் உட்காராமல், அந்தரத்தில் நின்றபடியே சர்க்கரைத் தண்ணீர் குடிக்கும். ஹம்மிங் பறவை.

"பாத்தியாடி? திரும்புறப்ப கழுத்து ரோஸா மின்னுது பாரு, அதுதான் ஆணு. பின்பக்கமாவும் பறக்கும். அங்க என்னடி இருக்கு? கரண்ட்டுகூட இல்ல. பேசாம கெளம்பி இங்க வந்துரு."

எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு இங்கேதான் வந்து முடியும். கணவர் இறந்தபின் தனியாக இருக்கும் தங்கையை அக்கா கூப்பிடுவதில் தப்பே இல்லை. எனக்குத்தான் போக இஷ்டமில்லை. இந்த ஊர் எனக்குப் பிடிக்கும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரிந்தாலும் அக்காவிடம் வாயைக் கொடுத்து நான் ஜெயித்ததில்லை. அதனால் ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "பெரிய பறவை! எங்க பால்கனிக்கும்தான் தினம் வருது" என்று சொல்லிவிட்டேன்.

"யங்கூன்லயா?"

"தின்கன்ஜூன்ல" என்றேன், ஏதோ பேட்டை பெயரைச் சொன்னால் பொய் உண்மையாகிவிடும் என்பதுபோல.

"சரி, காட்டு. காட்டிட்டா இனிமே உன்ன வான்னு கூப்பிடவே மாட்டேன். மழைக்காலம் முடியறதுக்குள்ள காட்டலன்னா டிக்கெட் போட்டுருவேன். அப்ப மறுபேச்சு பேசக்கூடாது."

நான் கணக்கு டீச்சர். வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஆதாரம் இல்லாமல் விடை எழுதும் பிள்ளைகளைத் திட்டித் தீர்ப்பவள். இப்போது அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவையை என் பால்கனியில் காட்டியாக வேண்டும்.

முதல் ஆதாரம் தானாகவே வந்தது. ஒரு சாயங்காலம் மல்லிகைத் தொட்டியருகே ஏதோ அந்தரத்தில் நின்றது. இறக்கை கண்ணுக்கே தெரியவில்லை. நீண்ட மூக்கு. ஒரு பூவில் குடித்துவிட்டு அடுத்த பூவுக்குத் தாவியது. வீடியோ எடுத்து அனுப்பிவிட்டு, தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

மறுநாள் காலை அக்கா நிதானமாகக் கேட்டாள். "தலைல ரெண்டு கம்பி நீட்டிக்கிட்டிருக்கே, என்னடி அது?"

"மீசை."

"குருவிக்கு ஏதுடி மீசை? அது அந்துப்பூச்சி!"

அவள் மட்டும் சிரித்திருந்தால் பொறுத்திருப்பேன். பின்னால் மருமகளும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அத்தோடு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அக்கா வைத்திருப்பதுபோலவே ஒரு குப்பி வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். "ஒரு பங்கு சர்க்கரை, நாலு பங்கு தண்ணி, கலர் மட்டும் சேக்காத" என்று அவளே சொல்லிக்கொடுத்தாள். வெறும் தண்ணீருக்கு எந்தப் பறவை மயங்கும்? பபேடான் வரை பஸ்ஸில் போய், ஃபலூடா கடையில் ரோஸ் சர்பத் வாங்கி வந்தேன். கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று கழுத்தில் சிவப்புத் துணி சுற்றி, பால்கனிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். முதலில் எறும்பு வந்தது. அடுத்து தேனீ. பிறகு ஒரு மைனா வந்து குப்பியை முறைத்துவிட்டுப் போனது.

நாலாவது நாள் மேல்வீட்டு பர்மியப் பெண்மணி வந்தார். என்னைவிட மூத்தவர், பர்மிய வழக்கப்படி நான் அமா, அதாவது அக்கா என்பேன், அவர் என்னை சயாமா, டீச்சர் என்பார். பர்மியர் வீடுகளில் வீட்டைக் காக்கும் நாட் சாமிக்குச் சிவப்புத் துணி சுற்றிய தேங்காயைத் தொங்கவிடுவார்கள். அமா என் குப்பியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நல்ல காரியம் பண்ணீங்க சயாமா. ஆனா தேங்காய்க்குப் பதிலா சர்பத் வச்சா சாமி கோவிச்சுக்காதா? அதுவும் வெளிய மழைல தொங்குதே!"

இல்லாத பறவைக்கு வைத்தது என்று எப்படிச் சொல்வது? "எங்க வழக்கம்" என்று சொல்லி வைத்தேன். அது போதுமாக இருந்தது. அன்று மாலையே குப்பிக்குப் பூ வைத்தார். டியூஷனுக்கு வரும் பெண்கள் பரீட்சைக்கு முன் அதைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். யாரோ ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருந்தார்கள். கடைசியில் நானே வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு அந்தப் பக்கமும் ஒரு சுற்று காட்டினேன். எதற்கு வம்பு?

தினம் பூ மாற்றி அலுத்துப்போய், அமா ஒரு செம்பருத்தித் தொட்டியையே கொண்டுவந்து குப்பிக்குக் கீழே வைத்தார். "செடியே நிக்கட்டும். சாமிக்கு எப்பவும் பூ இருக்கும்."

மழை ஓய்ந்துகொண்டிருந்தது. அக்கா, டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னாள். நான் அலமாரியைத் திறந்து, எதை எடுத்துப்போவது, எதை விடுவது என்று பார்த்துவிட்டு, எதையும் தொடாமல் மூடினேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை, அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அது வந்தது. மஞ்சள் வயிறு, கருநீலத் தொண்டை. குப்பியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செம்பருத்தியின் முன்னால் அந்தரத்தில் படபடவென்று நின்றது.

"அக்கா, வந்துருச்சு! பாரு!" போனைத் திருப்பிப் பிடித்தேன்.

ஒரு நொடிதான். பறவை ஆற அமரக் காம்பில் உட்கார்ந்து, பூவுக்குள் மூக்கை விட்டது. சண்டாளி, இன்னும் ஒரு நிமிடம் நின்றால் என்ன குறைந்துவிடும்?

"உக்காந்துருச்சுடி" என்றாள் அக்கா. "மூக்கும் வளைஞ்சிருக்கு. இது தேன்சிட்டு. நீ தோத்துட்ட."

"சரிக்கா" என்றேன். அழுகை வந்தது. போனைக் கீழே இறக்கினேன்.

"ஏய், எறக்காத! அங்கேயே பிடி."

பிடித்தேன். அவள் திரைக்கு அருகில் குனிந்து பார்த்தாள்.

"சின்ன வயசுல நாம இருந்த தாகேதா வீட்டுல, பின்பக்க வேலில இது கூடு கட்டியிருந்துச்சே. நீ குஞ்சுக்கு மொஹிங்கா நூடுல்ஸ ஊட்டப் போயி, அம்மா உன் முதுகுல ரெண்டு வச்சாங்களே."

"ஒண்ணுதான் வச்சாங்க."

"ரெண்டு. அது என்ன சத்தம், பஸ்ஸா?"

"பஸ்தான். கத்துறது மேல்வீட்டு அமா."

"இருக்கட்டும், கத்தட்டும்." அவள் கண்ணைத் துடைத்தாள். "பாவி, நீயும் வந்துட்டா இத எனக்கு யாருடி காட்டுவா?"

அன்று இருவருமே டிக்கெட் பேச்சை எடுக்கவில்லை. நான் ஊரைவிட்டுப் போகவில்லை என்று கேட்டதும், எல்லாம் நாட் சாமியின் அருள் என்றார் அமா. நான் மறுக்கவில்லை. குப்பியைக் கழுவி, புது சர்பத் ஊற்றி வைத்தேன்.

மறுநாள் ஏழு இருபதுக்கே போன் அடித்தது. அக்கா நலம்கூட விசாரிக்கவில்லை. அவள் ஜன்னல் குப்பியில் ஹம்மிங் பறவை நின்று குடித்துக்கொண்டிருந்தது; அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"போனத் திருப்புடி" என்றாள்.