மேடாக நின்ற எண்

பழைய இன்ஜின் எதைப் பார்த்தாலும், பிள்ளைகளே, என் விரல் இன்றும் தானாக அதன் பக்கவாட்டில் தடவி, மேடாக நிற்கும் எண்ணைத் தேடும். அந்த எண்ணை நம்பித்தான் ஒரு நல்ல மனிதரைத் திருடன் என்றேன்.

எழுபதுகளின் தொடக்கம். திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு கார் ஷெட்டில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ஒருவரின் பழைய சீமைக் கார் இரண்டு மாதம் எங்களிடம் கிடந்தது. இன்ஜினை இறக்கிப் பிரித்து மாட்டியவர் ஃபிட்டர் அண்ணன். அவர் சாயங்காலங்களில் லாரிக்காரர்களிடம் தெலுங்கில் தணிந்த குரலில் பேசுவார். எனக்குத் தெலுங்கு தெரியாது. அதனாலேயே அவர்மேல் எனக்கு ஒரு கண். வண்டியை எடுக்க வந்த டாக்டர், "சத்தமே வேற மாதிரி இருக்கே, இன்ஜினை மாத்திட்டீங்களா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மண்ணெண்ணெய்த் துணியால் இன்ஜினைத் துடைத்தேன். வார்ப்பிலேயே மேடாக ஓர் எண். ஆர்.சி. புத்தகத்தில் இருந்ததோ வேறு. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதோடு விட்டேனா? எல்லோரும் பார்க்க அண்ணனின் பையைக் கவிழ்த்தேன். ஒரு சாப்பாட்டு டப்பாவும் அழுக்குச் சட்டையும் விழுந்தன.

"இன்னா நைனா, இன்ஜினத் துணிப்பையிலயா தூக்கிக்கினு போவேன்?" என்றார். யாரோ சிரித்தார்கள். திருடன் பேச்சு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முதலாளி அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மூன்று மாதம் கழித்து அதே மாதிரி இன்னொரு கார் வந்தது. அதிலும் அதே எண், ஓர் இலக்கம் பிசகாமல். முதலில் அந்த வண்டிக்காரரையும்தான் சந்தேகப்பட்டேன். புதிதாகச் சேர்ந்திருந்த ஃபிட்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மேடா கீறது அச்சோட நம்பருயா. அந்த அச்சுல ஊத்தினது அத்தினிக்கும் அதான் இருக்கும். இன்ஜின் நம்பரு இதோ, பள்ளமா வெட்டிகீறான் பாரு" என்று பெயிண்டைச் சுரண்டிக் காட்டினார். டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். அவர் காரிலும் சுரண்டினேன். ஆர்.சி. புத்தகத்து எண் அப்படியே இருந்தது.

விசாரித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். ஓர் இரும்புத் தொழிற்சாலையின் கேட்டில், வேலை முடிந்து வருகிறவர்களைக் காவல்காரர் தடவிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். வரிசையில் அண்ணன் கைகளைத் தூக்கியபடி நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"தப்பு என்னுதுதாண்ணே. முதலாளிகிட்ட சொல்லிட்டேன். திரும்பி வந்துடுண்ணே."

"வேணாம் தம்பி. இங்க தெனம் எல்லாரையும் தடவறான். அதுல பேஜாரு இல்ல. நீ என் ஒருத்தன் பையத்தானே கவுத்த?" என்று சொல்லிவிட்டு, பஸ் பிடிக்க நடந்தார்.