அச்சுக்குள் ஒரு பிஸ்கட் துணுக்கு

கட்டைவிரல் நகம் இளஞ்சிவப்புத் தகட்டின் மேல் மெதுவாக ஊர்ந்தது. இடது கை அதைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்தது. மெருகேற்றும் மோட்டார் அப்போதுதான் நின்றிருந்தது. கடைவாய்ப் பற்களுக்குக் கீழே, கன்னம் படுகிற பக்கத்தில், நகம் ஓரிடத்தில் தடுக்கியது. ஊசி முனையால் கிளறினார். பழுப்பாக ஏதோ உதிர்ந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பிஸ்கட்.

தகட்டை விளக்குக்கு எதிரே பிடித்தார். உள்ளே இன்னும் மூன்று பொட்டுகள்.

பல்செட் செய்வது அவர் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. எங்கும் போய்ப் படித்ததில்லை. ஒரு பல் மருத்துவமனையில் தரை துடைக்கப் போனவர், துடைத்துக்கொண்டே பார்த்துக் கற்றது. செய்து கொடுத்த செட்டு ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

தூக்கம்தான் திரும்பி வரவில்லை. மூன்று வருடமாகப் பதினொரு மணிக்குப் படுத்தால் ஒன்றரைக்கு விழிப்பு வந்துவிடும். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். பிறகு வயிறு கிள்ளும். பசியா, பொழுது போகாததா என்று அவருக்கே தெரியாது. ரொட்டி, வேர்க்கடலை, எதுவும் இல்லாவிட்டால் ஒரு கரண்டி சர்க்கரை. காலையில் நெஞ்செரிச்சல். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. மனைவி டப்பாக்களைப் பரணில் ஏற்றினாள். அவர் நாற்காலி போட்டு ஏறினார்.

"ராத்திரி பரண்ல பெருச்சாளி உருட்டுச்சே, கேட்டுச்சா உங்களுக்கு?" என்பாள் காலையில்.

"கேக்கல."

"எப்படிக் கேக்கும்? மென்னுட்டு இருந்திருக்கும்ல."

சமையலறைப் பக்கமே போகக்கூடாது என்றுதான் ஒரு மாதமாக இரவு விழிப்பு வந்ததும் பட்டறையில் உட்கார ஆரம்பித்தார். பிஸ்கட் பொட்டலமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. நேற்று ராத்திரி இரண்டரை மணிக்கு அச்சுக்குள், வெந்து தகடாக இறுகும் பிசின் மாவை அடைத்தபோது இடையில் இரண்டு பிஸ்கட் தின்றது இப்போது நினைவுக்கு வந்தது. கை கழுவியது நினைவில் இல்லை.

டிரைவர் ஒருவருக்காக இந்தச் செட்டைச் செய்யச் சொல்லியிருந்த பல் டாக்டரம்மாவைப் போனில் கூப்பிட்டார்.

"இன்னும் ஒரு நாள் கிடைக்குமா, டாக்டரம்மா?"

"அண்ணே, அந்த டிரைவர் நாளைக்கு மத்தியானம் ரயில் ஏறுறாரு. ஆறு மாசம் மக வீட்டுல இருக்கப் போறாரு. நாலு மாசமா எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சுட்டு இருக்கிற மனுஷன். பத்து மணிக்குக் கொண்டு வந்துருவீங்கல்ல?"

"வந்துருவேன்."

சுரண்டி, கொஞ்சம் மாவு வைத்து அடைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. என்றைக்காவது கடினமானதைக் கடிக்கும்போது அந்த இடம் விரிசல் விடும். அப்போது டிரைவர் மகள் வீட்டில் இருப்பார். அடைக்க மனம் வரவில்லை. செட்டில் பற்கள் நின்ற வரிசையைப் பிளாஸ்டரில் பதிவெடுத்துக்கொண்டு, தகட்டைச் சூடாக்கிப் பற்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஈறு மாதிரியை எப்போதும் இரண்டாக வார்த்து வைப்பது அவர் பழக்கம். இரண்டாவதை அலமாரியிலிருந்து எடுத்து, மெழுகு பரப்பி, பற்களை மறுபடி நட்டார்.

கணக்குப் போட்டார். மெழுகைச் சுற்றி ஊற்றும் பிளாஸ்டர் அச்சாக இறுகி, மெழுகை உருக்கி வடித்து, மாவு அடைக்கும்போது மணி ஒன்றரை ஆகிவிடும். அவர் கை அவர் பேச்சைக் கேட்காத நேரம்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கு அவர் ஓர் உறை செய்து கொடுப்பதுண்டு. கண்ணாடிபோன்ற தகட்டைச் சூடாக்கிப் பல் அச்சின்மேல் அழுத்தினால் பத்து நிமிட வேலை. தன் பல்லுக்கே ஒன்று செய்து மாட்டிக்கொண்டார். இனி எதையாவது தின்ன வேண்டுமானால் அதைக் கழற்ற வேண்டும், கழுவ வேண்டும், டப்பாவில் வைக்க வேண்டும்.

தண்ணீர் குடிக்க எழுந்த மனைவி வாசலில் நின்றாள்.

"வாயில என்ன?"

"பூத்து," என்றார். பூட்டு என்று சொல்ல உறை விடவில்லை.

"சாவி யார்கிட்ட?"

அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப விளங்குன மாதிரிதான்," என்று சொல்லிப் படுக்கப் போனாள். போகும்போது பிஸ்கட் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டாள்.

ஒன்றரை. கண் எரிந்தது, தூக்கம் மட்டும் இல்லை. மாவு பிசையப் பிசைய வாய் ஊறியது. கை இரண்டு தடவை மேசையின் இடது மூலைக்குப் போய், பொட்டலம் இருந்த வெற்றிடத்தைத் தடவிவிட்டு வந்தது. மூன்றாம் தடவை சமையலறை வரைக்கும் போய்விட்டார். குழாயடியில் நின்று உறையை விரலால் நெம்பினார். கழற்றி, கழுவி, தின்று, பல் துலக்கி, மறுபடி மாட்டுவதை நினைத்ததும் அலுப்பாக இருந்தது. அதற்கு மாவு காத்திருக்காது. ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினார்.

இரண்டு மணிக்கு அச்சை மூடித் திருகாணியை முறுக்கினார். வெந்நீர்ச் சட்டியில் இறக்கினார். இனி உள்ளே எதுவும் விழ முடியாது.

அப்போதும் பசித்தது. உறையைக் கழற்றிக் கழுவி வைத்தார். சமையலறையில் விளக்கைப் போட்டு, ஒரு தட்டு எடுத்து, இரண்டு துண்டு ரொட்டியை உட்கார்ந்து தின்றார். நின்றுகொண்டு டப்பாவில் கைவிட்டே பழகியவருக்குத் தட்டில் அது கொஞ்சமாகத் தெரிந்தது. ஆனாலும் முடிந்த இடம் தெரிந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு உறையை மாட்டிக்கொண்டார். தூக்கம் வரவில்லை. சட்டியில் தண்ணீர் முனகுவதைக் கேட்டுக்கொண்டு விடியும்வரை கிடந்தார்.

ஏழு மணிக்கு மெருகேற்றி முடித்தார். நகத்தை ஓட்டினார். விளக்குக்கு எதிரே பிடித்துத் திருப்பினார். பொட்டு இல்லை. இன்னொரு தடவை பார்த்தார்.

பத்து மணிக்கு மருத்துவமனையில் டிரைவர் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என்ன தம்பி, ராத்திரி எல்லாம் லாரி ஓட்டுன கண்ணு மாதிரி இருக்கு?"

"கொஞ்சம் வேலை இருந்துச்சு, அண்ணே."

"இதப் போட்டுட்டு வேர்க்கடலை தின்னலாமா?"

"ஒரு வாரம் போகட்டும். அப்புறம் தின்னுங்க, பகல்ல."

ஈரப் பஞ்சை விலக்கி, டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினார்.