ஜோடி பிரிப்பவளின் அறை

எலெக்ட்ரான் ஜோடியைப் பிரித்துவிட்டு, பிரிந்த பிறகும் இரண்டுக்கும் பந்தம் இருக்கிறதா என்று வேவு பார்ப்பது என் தொழில். நாங்குநேரிக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில், ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். நாள் முழுக்க ஒற்றை ஆளாக ஓர் அறையில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் வாயைத் திறந்தால் சொந்தக் குரலே யாருடையதோ போலக் கேட்கும் அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியென்றால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நாம் ஒரே ஜாதி.

களக்காடு பஸ்ஸில்

அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறேன். ஒருநாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பூக்கார அக்கா, "என்ன வேல பாக்க?" என்று கேட்டாள். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் முழுக்கதையையும் அவிழ்த்துவிட்டேன். சில உலோகங்களைக் கடுங்குளிரில் வைத்தால் எலெக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துதான் ஓடும். அந்த ஜோடியை, வழி இரண்டாகப் பிரியும் ஒரு கவட்டையில் கொண்டு விடுவோம். ஒன்று இடது கம்பியில் போகவேண்டும், மற்றது வலது கம்பியில். கண்ணுக்கே தெரியாத கம்பிகள். இரண்டு கம்பியிலும் மின்னோட்டம் ஒரே சமயத்தில் துடித்தால் ஜோடி பிரிந்ததற்கு அடையாளம். பந்தம் மிச்சமிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. நாங்கள் முதல் படியிலேயே வருஷக்கணக்காக நிற்கிறோம்.

அக்கா கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சேந்து போறதுகளப் பிரிச்சு விடுததுக்கா ஒன்னய இம்புட்டுப் படிக்க வச்சாவ?"

வெளியே நில்

ஆரம்பத்தில் நான் ஒற்றை ஆள் இல்லை. பாளையங்கோட்டை மெர்சி என்கூட வேலை பார்த்தாள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி அளந்தால், திரையில் வந்த வரைபடக் கோடுகளை மற்றவள்தான் படித்துச் சொல்லவேண்டும். படிக்கும்போது அளந்தவள் அறைக்குள் இருக்கக்கூடாது. ஆசைப்படுகிறவளின் முகத்தைப் பார்த்தால், இல்லாத மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும் என்பது மெர்சியின் கட்சி. நான் வராந்தாவில் நின்று வேப்பமரத்துக் காக்கைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். அவள் கூப்பிடும் குரலை வைத்தே முடிவு தெரிந்துவிடும்.

பிறகு அவளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. எங்கள் திட்டத்தில் ஒரு சம்பளத்துக்குத்தான் வழி இருந்தது. அது என்னிடம் வந்தது. நல்ல சிக்னல் கிடைத்தால் திட்டத்தை நீட்டித்து இன்னோர் ஆளும் எடுக்கலாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் அழாமல் பிரிந்தோம். பஸ் ஸ்டாண்டில் மெர்சி சொன்னாள்: "ரெண்டு கம்பியும் சேந்து துடிச்சிட்டுன்னு ஒரு வார்த்த சொல்லுட்டி, மறுநாளே டிக்கெட் போட்டுருதேன்."

யாருக்காக?

பழக்க தோஷம் விடுமா? அவள் போன பிறகும், கோடுகள் திரையில் வந்ததும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். கொஞ்சநேரம் நின்றுவிட்டு, படிக்க வந்த வேற்றாள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வருவேன். கோடுகளில் ஒன்றும் இருக்காது. கருவியைக் குளிரவைக்கும் பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தோடு சில நாள் பேசியும் இருக்கிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

காவலுக்கு இருக்கும் சுடலைமுத்து அண்ணாச்சி பல நாள் இதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "உள்ளதான் ஒருத்தரும் இல்லியேம்மா, பின்ன யாருக்கு வழிவிட்டு இங்கன வந்து நிக்கிய?"

ஆடிக்காற்று

ஆடி மாதம் ஒரு மத்தியானம் சிக்னல் வந்தது. இடது கம்பி துடிக்க வலதும் துடித்தது. இது அடங்க அதுவும் அடங்கியது. இப்படி ஒன்று கண்ணில் பட்டால் அடுத்து செய்யவேண்டியது என்ன என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஜோடிகள் வரும் வழியை அடைத்துவிட்டு மறுபடி அளக்கவேண்டும். ஜோடியே வராதபோது கம்பிகள் அமைதியாக இருந்தால்தான் முன்னால் பார்த்தது நிஜம். அதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஒரே ஒரு சாயங்காலம் சந்தோஷமாக வீட்டுக்குப் போக ஆசைப்பட்டேன். வெளியே காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போனது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். எலெக்ட்ரானைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "மெர்சி வந்தா நம்ம வீட்டுலயே இருக்கட்டும்ட்டி, அவளுக்குக் கூட்டாஞ்சோறுன்னா உசிருல்லா?"

வழியை அடைத்த பிறகு

மறுநாள் வழியை அடைத்தேன். இரண்டு கம்பியிலும் ஓர் எலெக்ட்ரான்கூட வர வாய்ப்பில்லை. அப்படியும் இரண்டும் சேர்ந்து துடித்தன, நேற்றைப்போலவே அழகாக. நேற்றும் இன்றும் மாறாமல் இருந்தது வெளியே வீசிய காற்று மட்டும்தான். காற்று தணிந்த நேரத்தில் அளந்தேன், துடிப்பு நின்றது. வீசியதும் திரும்ப வந்தது. சுற்றியிருந்த காற்றாலைகள் வேகமாகச் சுழலும்போது தரை வழியே வரும் அதிர்வை இரண்டு கம்பிகளும் சேர்ந்து வாங்கியிருக்கின்றன. அவ்வளவுதான் அவற்றுக்குள் இருந்த பந்தம்.

அந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் அடைத்துப் பார்த்ததும் யாருக்கும் தெரியாது. முதல் நாள் கோடுகளை மட்டும் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் திட்டம் நீண்டிருக்கும், மெர்சியும் வந்திருப்பாள். இதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். சாயங்காலம் வரை நினைத்தேன். பிறகு இரண்டு நாள் கோடுகளையும் எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன். அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க செஞ்சதுதாம்மா சரி. ஆனா இதோட திட்டம் முடிஞ்சுது."

ஜெர்மனியிலிருந்து

மெர்சிக்கு வீடியோவில் கோடுகளைக் காட்டினேன். முதல் நாள் கோட்டைப் பார்த்ததும் அவள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். அடுத்ததைக் காட்டினேன். மெதுவாக உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் பனி பெய்யவில்லை, ஒன்றுமில்லை, ஒரு சாம்பல் நிறச் சுவர் மட்டும் இருந்தது. அங்கே அவளுக்கும் பேச ஆள் இல்லை என்பது அவள் சொல்லாமலே எனக்குத் தெரியும். காற்றாலை விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கணக்கில் தப்பு கண்டுபிடிப்பாள் என்று கடைசிவரை எதிர்பார்த்தேன், அவளால் முடியவில்லை.

வராந்தாவுக்கு என்னை விரட்டிய அதே மெர்சி, பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "ஒரு தடவ, அடச்சுப் பாக்காமலே இருந்திருக்கக் கூடாதாட்டி?"

யாரும் பார்க்காத இடத்தில்கூடப் பொய் சொல்ல விடாத தொழில் எங்களுடையது. இதில் ஆள் தங்காததற்குச் சம்பளம் இல்லாதது மட்டும் காரணமில்லை.