கன்னியப்பன் தடவிப் பார்த்த தகடுகள்

கன்னியப்பன் போய்விட்டார் என்று அவர் ஊரான பசியாவரத்திலிருந்து போன் வந்தபோது நான் நம்பவில்லை. சொன்னவரின் குரல் எனக்குப் பழக்கமில்லாதது. உடனே பழவேற்காட்டில் எங்கள் இருவருக்கும் தெரிந்த படகுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். சாவுச் செய்தியைக்கூட இரண்டு பேர் சொன்னால்தான் ஏற்கிற புத்தி, கன்னியப்பனால் எனக்கு வந்தது. விமானப் படைப் பட்டறையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது புரியும்.

ஓய்வுக்குப் பின் நாங்கள் சேர்ந்தே ஒரு வேலை செய்தோம். பழைய போர் விமானத்தைக் காட்சிக்கு வாங்குகிறவர்கள், அதன் தயாரிப்புத் தகடு அசல்தானா என்று எங்களிடம் கேட்பார்கள். எந்தத் தொழிற்சாலை செய்தது, வரிசை எண் என்ன என்று பொறித்து விமானத்தின் உடம்பில் அறைந்திருக்கும் உள்ளங்கையளவுத் தகடு அது. நாலு விமானத்தின் உதிரிகளைக் கோத்து, போலித் தகடு அடித்து, தலையில் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. காகிதங்கள் என் பொறுப்பு, தகடு அவர் பொறுப்பு. ஒவ்வொரு தகட்டின்மேலும் மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படி எடுத்து வைப்பேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் தகட்டைப் பார்ப்பார். பழவேற்காடு ஏரிச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிற வீட்டில் பிறந்தவர். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு என்ன வேலை? ஒருமுறை ஒரு வியாபாரி கொண்டுவந்த தகட்டில் எண்ணும் பதிவேடும் சரியாக இருந்தன. அசல் என்று எழுத நான் பேனாவைத் திறந்தேவிட்டேன். அவர் தகட்டை அறையும் ரிவெட் ஆணிக்கான ஓட்டைகளின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

“இன்னா நைனா, இதுல ரிவெட்டே ஏறல. ஓரம் நசுங்கவே இல்ல. அப்புறம் எதுல ஒட்டினு பறந்துச்சு?”

வியாபாரி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று கன்னியப்பன் எனக்குச் சொன்னது: “என்மேலயும் சந்தேகப்படு. நான் இன்னா சாமியா?”

நான் சந்தேகப்படவில்லை. கடைசியாக வந்த விமானத்தின் தகட்டை, அவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி அசல் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த விமானம் இன்று ஒரு காட்சிக்கூடத்தில் என் கையெழுத்தின் பேரில் நிற்கிறது.

கருமாதி முடிந்ததும் அவர் மனைவி தேசம்மாள் ஒரு தகரப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். திரும்பும் படகில் திறந்தேன். உள்ளே எண் பொறிக்கும் எஃகு அச்சுகள், பூஜ்யம் முதல் ஒன்பது வரை. போலியைப் பிடிக்கிறவர் வீட்டில் போலி செய்கிற சாமானா? பாவி மனுஷா, என்னையுமா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஓர் அலுமினியத் துண்டில் அத்தனை அச்சையும் சுத்தியலால் அடித்தேன். கடைசி விமானத்தின் படியைப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றுகூட ஒக்கவில்லை. படியில் மூன்று என்ற எண்ணின் தலை தட்டை, அச்சில் உருண்டை. எதற்கும் இருக்கட்டும் என்று அந்த வியாபாரியின் தகட்டுப் படியையும் எடுத்து வைத்தேன். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. கன்னியப்பனே போலி என்று பிடித்த தகடு அது.

வெட்கத்தோடு தேசம்மாளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அந்தத் தகட்டை எதால் அடித்திருப்பான் என்று பார்க்க, கடை கடையாய் அலைந்து அவர் வாங்கி வைத்த அச்சாம் அது. தேசம்மாள் கோபிக்கவில்லை.

“நீங்க தட்டிப் பாத்துட்டு போன் பண்ணுவீங்கன்னு சொன்னாருண்ணா. ‘போன் வரலன்னா என்மேல சந்தேகப்படலன்னு அர்த்தம், போய் பொட்டிய திருப்பி வாங்கினு வந்துடு’ன்னாரு.”

பெட்டி என்னிடம்தான் இருக்கிறது.