ஓடாமல் நிற்க வேண்டிய இடம்

இந்த ஊரில் கடுகு தாளிப்பதற்கு முன் நாங்கள் ஜன்னலைத் திறக்கிறோம். வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் திறந்தாக வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டப் புகை எச்சரிக்கைப் பெட்டிக்கு எங்கள் சமையல் ஒத்துக்கொள்ளாது. மிளகாய் வற்றல் கறுத்தவுடன் அலறத் தொடங்கிவிடும். மகள் மெர்சி துண்டை எடுத்து விசிறுவாள். மருமகன் நாற்காலியில் ஏறுவார். ஐந்து வயதுப் பேத்தி ஷைனி காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, ஒரே படிக்கட்டு. வந்த நாளிலிருந்து இந்தக் கணக்கு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அயர்லாந்தின் கார்க் நகரத்துக்கு நான் வந்தது ஷைனிக்காக. மெர்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ், மருமகன் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறார். இருவருக்கும் ஷிப்ட். “நீங்க வந்தாத்தான்ப்பா நான் வேலைக்குப் போக முடியும்” என்று மெர்சி போனில் சொன்னாள். எம். புதுப்பட்டியில் பட்டாசு கம்பெனி போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு, பள்ளிக்கூடம் விட்டு வரும் ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெரிய வேலையா என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

ஒரு பிற்பகல், எங்கள் வீட்டுப் பெட்டி அல்ல, கட்டடம் முழுவதும் மணி அடித்தது. ஷைனியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். குடியிருப்பவர்கள் எல்லோரும் கார்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பச்சைப் பலகையின் கீழ் கூடிக்கொண்டிருந்தார்கள். பலகையில் நான்கு மனிதர்கள். நான்கு மூலையிலிருந்தும் அவர்களை நோக்கி நான்கு அம்புகள். பதினேழு பேரை எண்ணினேன். சிலர் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. பெட்ரோல் வண்டிகளின் ஓரத்தில் பதினேழு பேர் ஒன்றாக நிற்பதைப் பார்த்ததும் பிள்ளையோடு விலகி நடந்தேன். சாலையைக் கடந்தேன். பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய்த்தான் பிள்ளையைக் கீழே இறக்கினேன்.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கம்பெனியில் வெடிமருந்து அறைக்கு நான்கு பேர்தான். ஐந்தாவது ஆள் எட்டிப் பார்த்தாலும் விரட்டுவேன். உட்கார்ந்திருப்பவருக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு டப்பாகூட இருக்கக் கூடாது. செல்போனைக் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். வெடிச் சத்தம் கேட்டால் யாரையும் தேடக் கூடாது, கூடக் கூடாது. ஆளுக்கு ஒரு திசையாகக் கருவேலங்காட்டுக்குள் ஓட வேண்டும். எண்ணுவதெல்லாம் பிறகுதான். ஒருமுறை, முதல் சத்தத்துக்குத் தப்பிய ஆறு பெண்கள், என்ன ஆயிற்று என்று பார்க்க ஒரே இடத்தில் கூடி, இரண்டாவது சத்தத்தில் போனார்கள். அதில் ஒருத்தி மெர்சியின் பெரியம்மா.

மணி ஓய்ந்து வெகுநேரமாகியும் இரண்டாவது சத்தம் வரவில்லை. திரும்பி வந்தோம். அது வெறும் தீ ஒத்திகை என்பதும், பச்சைப் பலகை எல்லோரும் கூட வேண்டிய இடத்தின் அடையாளம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கேர்டேக்கர் தலைகளை எண்ணி, இரண்டு குறைகிறது என்று மெர்சியின் வார்டுக்குப் போன் செய்திருக்கிறார். அவள் சீருடையோடு டாக்ஸியிலிருந்து இறங்கி ஓடி வந்தாள்.

“எங்கனப்பா போனீக?”

“கால்வாய்க்கு அங்கிட்டு. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல.”

“ரெண்டு பேரக் காணோங்கிறாக. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. ஒரு போனக் கூடவா கையில வச்சிக்கிற மாட்டீக?”

“மணி அடிக்கையில போன எவன் தேடுவான்?”

“இது கம்பெனி இல்லப்பா.”

கேர்டேக்கரிடம் ஆங்கிலத்தில் விளக்கினேன்: எங்கள் ஊரில் மணி அடித்தால் யாரும் நிற்பதில்லை. என்னால் நிற்க முடியாது என்று எடுத்துக்கொண்டார் போல, அவர் என் முழங்கால்களை இரக்கத்தோடு பார்த்துத் தலையாட்டினார்.

மறுநாள் காலை மெர்சி சீருடை போடவில்லை. லீவு சொல்லிவிட்டாளாம், பிள்ளைக்கு வேறு ஏற்பாடு பார்க்க வேண்டுமாம். அப்படியானால் ஒன்று அவள் வேலையை விட வேண்டும், அல்லது நான் விமானம் ஏற வேண்டும். இட்லியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு.

“ஏம்ப்பா, எங்க ஆஸ்பத்திரியில மொத தடவ மணி அடிக்கையில நான் எங்கன நின்னேன் தெரியுமா?” என்றாள் திடீரென்று. “ரோட்டுக்கு அந்தப் பக்கம். பெரிய சிஸ்டர் வந்து கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாக.”

“பெரியம்மா நெனப்பா?”

“பின்ன என்ன. சாப்பிடுங்க, கீழ போகணும்.”

தூறலில் குடை பிடித்து, அந்தப் பச்சைப் பலகையின் கீழ் என்னை நிறுத்தினாள். “இங்கன. நகரவே கூடாது.”

“கூடி நிக்கச் சொல்றியேம்மா.”

“நீங்க ஓடிட்டா நான் பிள்ளைய எங்கன வந்து தேட?”

வாசலிலிருந்து பலகை வரைக்கும் நான்கு தடவை நடந்து காட்டினேன். அதன் பிறகுதான் லீவை ரத்து செய்யப் போன் எடுத்தாள்.

போன வாரம் மறுபடியும் மணி அடித்தது. ஷைனியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பலகையின் கீழ் எனக்காக ஒரு நாற்காலி போட்டிருந்தது. கேர்டேக்கரின் ஏற்பாடு. அதைத் தட்ட மனம் வரவில்லை. நாற்காலியைச் சாலையைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு தலையாக விரல் நீட்டிக்கொண்டு வந்தார். பதினெட்டு ஷைனி, பத்தொன்பது நான். கணக்கு சரியாக இருந்தது. மணி நிற்கும்வரை என் குதிகால்கள் மட்டும் தரையில் படவேயில்லை.